கண்ணுக்குத் தெரியாத கட்டடம்

ராசிபுரம் வட்டாரத்தில் கோழிப்பண்ணை ஷெட் போட வேண்டுமென்றால் சண்முகவேலைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நூற்றுக்கு மேல் போட்டுவிட்டார். கிழக்கு மேற்காக நீளம், இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே சிமெண்ட் ஷீட். கல்யாண மண்டபம் கட்டியவருக்குத் திறப்பு விழாவில் சால்வை போர்த்துவார்கள். கோழி ஷெட்டுக்கு ஏது திறப்பு விழா? கோழிகளை இறக்கினால் அதுதான் விழா, கோழிகளுக்குச் சால்வை போர்த்தும் பழக்கமும் இல்லை. இந்தக் குறை சண்முகவேலுக்கு நெடுநாளாக உண்டு. ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்றைக் கட்டி, ‘சண்முகவேல் கட்டினது’ என்று நாலு பேர் சொல்லக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆலாம்பள்ளம் ஏரியில் பார்வையாளர் கூடம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்தபோது, குலதெய்வம் கண்ணைத் திறந்துவிட்டதாகவே நினைத்தார். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கார்த்திகை தோறும் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். அவற்றைப் பார்க்க வரும் ஜனங்களுக்கான கூடம் அது.

“கோபுரமாட்டம் மூணு மாடி கேப்பாங்க புள்ள” என்றார் மனைவி பொன்னாத்தாளிடம்.

“கேக்கட்டும். மொதல்ல நம்மூட்டு மாட்டுக் கொட்டாயி ஒழுகறதப் பாருங்க” என்றாள் அவள்.

வடிவமைப்பாளர் பிரவீனா கோயமுத்தூர்ப் பெண். முப்பது வயதிருக்கும். அவள் வரைபடத்தை விரித்ததும் சண்முகவேல் அதை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல முகப்பு எங்கீங்க?”

“முகப்பே கெடையாதுங்கண்ணா. ஏரியில இருந்து பாத்தா கட்டடம் இருக்கறதே தெரியக்கூடாது.”

“தெரியாத கட்டடத்த எதுக்குங்க கட்டோணும்?”

“உள்ள நின்னு பறவையப் பாக்கறதுக்குங்க. நம்மளப் பறவை பாக்கறதுக்கு இல்ல.”

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்தான் கூரை. கரைச் சரிவோடு சரிவாக, மண் நிறத்தில் சுவர். கண் மட்டத்தில் நீளவாக்கில் குறுகலான திறப்புகள், அவற்றில் வலை. பின்பக்கமாக மூங்கில் தட்டி மறைவில் குனிந்து வர வேண்டும். மைக் கிடையாது, வெளியே விளக்கு கிடையாது, படம் எடுத்துக்கொள்ள மேடை கிடையாது. சண்முகவேலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதுவும் கோழி ஷெட்தான். கோழி வெளியே இருக்கும், மனிதன் வலைக்குள்ளே நிற்பான்.

மனசு விட்டுப்போனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பிரவீனா தேடித்தேடிப் பார்த்தும் ஒரு சுவரில்கூடச் சாய்வு கண்டுபிடிக்க முடியவில்லை. ஐப்பசியில் கூரை முடிந்தது. முடிந்த அன்று, எல்லா வேலையிலும் செய்வதை இங்கேயும் செய்தார். பொன்னாத்தாள் அவருடைய பழைய சிவப்புச் சட்டையில் வைக்கோல் அடைத்துக் கொடுக்க, சட்டி முகத்தில் மீசையும் துருத்திய நாக்கும் எழுதி, திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார். புதுக் கட்டடத்தின் மேல் கண் பட்டுவிடக்கூடாது அல்லவா? எந்தப் பக்கம் கட்டுவது என்று மட்டும் கொஞ்சம் யோசித்தார். முகப்பு இல்லாத கட்டடம். எல்லாரும் பார்க்கப்போவது ஏரியைத்தானே என்று ஏரிப் பக்கச் சுவரில் கட்டினார்.

கூரை முடிந்தபின் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது பிரவீனா போட்ட விதி. விதி போட்டவளே அதை மதித்ததுதான் வினை. உள்ளே நின்று பார்த்தால் சுவருக்கு வெளியே தொங்குவது தெரியாது. எதிர்க்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் கட்டட வேலையில் பொம்மை தொங்காவிட்டால்தான் நம் ஊரில் அதிசயம்.

கார்த்திகை வந்தது. நாரைகள் வந்தன, இரண்டு சுற்றுச் சுற்றின, போய்விட்டன. மார்கழி பிறந்தும் மரங்கள் காலியாகவே நின்றன. குழு ஒன்று போட்டார்கள். குழு தண்ணீரைச் சோதித்தது, சேற்றைச் சோதித்தது, உலக வெப்பத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியது. ஏரிப் பக்கம் எட்டிப் பார்க்க மட்டும் குழுவுக்கு நேரமில்லை. கடைசியில், வடிவமைப்பு சரியில்லை என்று முடிவு கட்டிற்று.

“பேசாம மூணு மாடில ஒரு கோபுரம் கட்டிருவோம்” என்றார் குழுவுக்குத் தலைவரான வனத்துறை அதிகாரி. “கலர் அடிச்சு, வளைவு வச்சு, ஜம்முனு. சண்முகவேலு, கல்வெட்டுல உங்க பேரையும் போட்டுடலாம்.”

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்முகவேல் அவளைப் பார்க்காமல் எழுந்து வந்தார். பைக்கில் வீடு வந்து சேர்வதற்குள் கல்வெட்டில் தன் பெயர் எத்தனையாவது வரியில் வரும் என்றுகூட யோசித்து முடித்துவிட்டார்.

பொன்னாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, மஞ்சத் துண்டு போட்டுட்டுப் பண்ணைக்குள்ள போனீங்கன்னு கோழி மெரண்டு முட்டை கொறஞ்சுதே, பண்ணைக்காரரு ஒரு வாரம் பேசுனாரே. அந்தச் செவப்புச் சட்டைப் பொம்மைய எந்தப் பக்கமுங்க கட்டுனீங்க?”

சண்முகவேல் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

“ஏரிப் பக்கம்.”

“அப்பறம் நாரை எங்கிருந்துங்க வரும்?”

கோழிக்கு எது ஆகாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் அவர். வெட்கத்தில் காது சுட்டது. சொன்னால் ஊர் சிரிக்கும், கோபுரம் போகும். சொல்லாவிட்டால் கோபுரம் வரும், அந்தப் பெண்ணின் தொழில் போகும். உள்ளுக்குள் அவருக்குக் கோபுரம் வேண்டும்போலத்தான் இருந்தது. இரண்டு நாள் மாட்டுக் கொட்டாயின் கூரையில் ஏறி ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குழு கூடியபோது, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“டிசைன்ல தப்பில்லீங்க. நாந்தான் ஏரியப் பாத்துத் திருஷ்டி பொம்மை கட்டிப்போட்டனுங்க.”

அதிகாரி சிரித்தார், அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். பிரவீனா மட்டும் சிரிக்கவில்லை. “என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கண்ணா” என்றாள். ‘பறவைகள் வராமைக்கு ஒப்பந்ததாரர் சண்முகவேல் கட்டிய பொம்மையே காரணம்’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். அரசாங்க ஏட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. கோபுரம் அன்றோடு போயிற்று.

அன்று சாயங்காலமே பொம்மையை அவிழ்த்தார். பத்தாம் நாள் இருபது நாரைகள் இறங்கின, தை முடிவதற்குள் இருநூறு. கூடு கட்டும் காலத்தில் கூட்டம் கூடக்கூடாது என்று திறப்பு விழாவையும் ரத்து செய்துவிட்டார்கள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் சண்முகவேல் தனியாகப் போய்த் திறப்பின் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். கைக்கெட்டும் தூரம்போல ஒரு கூடு. தாய் நாரை தொண்டையிலிருந்து மீனைக் கக்க, மூன்று குஞ்சுகள் அடித்துப் பிடித்துக்கொண்டு விழுங்கின. இப்படி ஒன்றை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. பின்னால் சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்.

“அருமையா கட்டியிருக்காங்களே, யாரு கட்டினது?” என்று ஒருவர் கேட்டார்.

காவலாளி குரலை உயர்த்தி, “அது நம்ம பொம்மைக்காரரு சண்முகவேலுங்க. அந்தக் கதையக் கேட்டீங்கன்னா...” என்று ஆரம்பித்தான்.

சண்முகவேல் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

“மெல்லப் பேசுங்க. குஞ்சு இருக்குது.”