வெர்னா முந்த நினைத்த வருடம்

வெர்னாவின் பன்னிரண்டு வருடத் துயரத்துக்குக் காரணம் ஒரு மடக்கு நாற்காலி.

ஜூன் மாதம் எங்கள் இரண்டு ஊரும் சேர்ந்து நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டம், கனடாவில் செயின்ட் ஸ்டீபனில் புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அமெரிக்காவில் கேலஸ் ஊர்க் கடைத்தெருவில் முடியும். அக்கரைக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், பத்து மணிக்குக் கிளம்பிப் பத்தேகாலுக்கு ஓடி முடித்ததாக நாங்கள் வெட்கமில்லாமல் பீற்றிக்கொள்வோம்.

வெர்னாவுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் லோர்ன், இரும்புச் சாமான் கடைக்காரன். வருடா வருடம் அவளுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டு, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஹாட் டாக் தின்றபடி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்வான்.

"என் பொண்டாட்டி இன்னும் கனடாவுலதான் இருக்கா."

ஊரே சிரிக்கும். வெர்னாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெண்ணின் நெஞ்சம் எப்படிக் குமுறியது என்பதை யார் அறிவார்? ஒரே ஒரு தடவை, அந்த மனிதனுக்கு ஒரு அடி முன்னால் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். அதற்காக மார்ச் மாதப் பனியிலிருந்து, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பேருந்தை நிறுத்திவிட்டு, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி இரகசியமாக ஓடினாள். அங்கே படுத்திருப்பவர்கள் லோர்னிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

பலன் கிடைத்தது. ஓட்டத்தன்று பாலத்தில் கால் வைத்தபோது லோர்ன் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பின்னால் இல்லை. கீழே ஆறு பளபளத்தது. வெர்னாவுக்குக் கண் கலங்கியது.

பாலத்தின் மறுமுனையில், எல்லைச் சாவடியில், டுவேன் நின்றிருந்தான். அவளுடைய அக்கா அக்கரையில் வாழ்க்கைப்பட்டுப் பெற்ற மகன். சீருடை போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின நாளே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திய எண் அட்டையைக் காட்டினால் போதும். டுவேன் அவளுடைய எண்ணைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், கையை நீட்டி மறித்தான்.

"மேடம், இருநூத்திப் பதினாலு ஒரு ஆம்பளை."

"யாருடா மேடம்? ஞாயித்துக்கிழமை என் வீட்டுல மூணு தட்டு தின்னியே, அப்ப சித்தின்னுதானே கூப்பிட்ட?"

"இங்க லோர்ன்னு போட்டிருக்கு, சித்தி. தாடி வச்ச போட்டோ வேற. நான் என்ன பண்ணட்டும்?"

காலையில் இரண்டு பனியனிலும் அட்டை குத்தியது லோர்ன்தான். அவளுடையதைத் தன் பனியனிலும் தன்னுடையதை அவள் பனியனிலும் குத்திவிட்டிருக்கிறான். அவளுடைய அட்டையோடு லோர்ன் வரும்வரை ஓரமாக நிற்கும்படி டுவேன் சொன்னான். வெர்னா கெஞ்சினாள், மிரட்டினாள், அவன் சின்ன வயதில் படுக்கையை நனைத்த கதையை மற்ற அதிகாரிகளுக்குக் கேட்கும்படி நினைவூட்டினாள். அவன் காது சிவந்ததே தவிர, கை இறங்கவில்லை.

தபால்காரர் அவளைத் தாண்டிப் போனார். தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகளோடு ஒருத்தி போனாள். எட்டு நிமிடம் கழித்து லோர்ன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். நெஞ்சில் இருநூற்று நாற்பத்தொன்று.

"கண்ணாடி போடாம குத்திட்டேன் போலிருக்கு" என்றான். ஆனால் மீசைக்குள் ஒரு புன்னகை கிடந்தது. வேண்டுமென்றே செய்தானா என்று இன்றுவரை எங்கள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது.

இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். மீதி அறுநூறு மீட்டர். எட்டு நிமிடம் நின்றதில் அவள் கால் விறைத்திருந்தது; இந்தக் குட்டித் தூரத்தை நேராக ஓடினால் லோர்ன்தான் ஜெயிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அழவில்லை. தன் அட்டையைக் குத்திக்கொண்டாள். பிறகு, புது மணப்பெண்ணின் குரலில், "அசையாம நில்லு லோர்ன், உனக்கு நானே குத்தி விடறேன்" என்றாள்.

முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கணவன் உருகிப்போனான். அவள் கீழே குனிந்து வெகு அக்கறையாகக் குத்தினாள். டுவேன் எண்களைச் சரிபார்த்துத் தலையசைத்ததும் வெர்னா பறந்தாள். லோர்னும் காலைத் தூக்கினான். உடம்பு வரவில்லை. அவன் பனியன் விளிம்பை அவனுடைய அரைக்கால் சட்டையின் முட்டிப் பக்கத்தோடு சேர்த்து நான்கு ஊக்கு போட்டிருந்தாள். ஊக்கைத் தேடினால், கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தால் துணி கிழியும். தொலைந்த காசைத் தேடுகிறவனைப் போல இரண்டாக மடிந்தபடியே கடைத்தெரு முழுவதும் ஓடி வந்தான்.

பாதி வழியில் வெர்னா திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவன், முழங்காலைப் பார்த்தபடி தள்ளாடி வருகிறான். அவள் நெஞ்சு உருகியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

நாற்பது அடி வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டி, புல்தரையில் மல்லாந்து விழுந்தாள். லோர்ன் குனிந்தபடியே அவள் தலைமாட்டில் வந்து நின்றான்.

"ஜெயிச்சிட்ட, சரி. இப்ப எடுத்து விடு வெர்னா. எல்லாரும் பாக்கறாங்க."

"இரு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்றாள்.

பரிசு கொடுத்து முடிகிறவரை அவள் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தாள்.