கறுப்புத் திரையில் விழிப்பதா?

கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி வந்து பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்ப்பவள் யோகேஸ்வரி. கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் மாணிக்கவேலுவின் கணினியில் அவள் இரண்டு இயங்குதளங்களைப் போட்டுக் கொடுத்திருந்தாள். பழைய அச்சு இயந்திரம் விண்டோஸுக்குத்தான் பணியும்; மற்ற வேலைக்கெல்லாம் லினக்ஸ். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டு ஒரு கறுப்புத் திரை வரும்.

வெள்ளிக்கிழமை சூடம் காட்டிக் கடை திறந்ததும் கறுப்பிலா விழிப்பது என்று, மாணிக்கவேலு யாரையோ வைத்து அந்தத் திரையை எடுத்துவிட்டார். லினக்ஸுக்குள் போக வழியில்லை. அச்சுக்குப் போகவேண்டிய முப்பது அழைப்பிதழ் வடிவமைப்புகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

"நீ போட்டதே சரியில்ல லா!" என்று அவளைக் கடைக்கு வரவழைத்து நாலு பேர் முன்னால் கத்தினார்.

யோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலை அடைத்துவிட்டு வீட்டைக் காணோம் என்கிறாரே! பென்டிரைவைச் செருகினாள். அரை மணி நேரத்தில் கறுப்புத் திரை திரும்பி வந்தது. அழைப்பிதழ்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

"எல்லாம் இருக்கும்மா. ஆனா இந்தக் கறுப்பு... அபசகுனமாச்சே," என்று இழுத்தார் அவர்.

அவள் அவர் தலையைப் பார்த்தாள்.

"மாசம் தவறாம டை அடிக்கிறீங்களே அங்கிள், காலையில கண்ணாடியில அந்தக் கறுப்புலதானே முழிக்கிறீங்க? அது மட்டும் நல்ல சகுனமா?"