டயகமவில் பசித்திருந்த அட்டை

டயகம ஏற்றத்தில் பஸ் புகைந்து நின்றுவிடுகிறது. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கித் தேயிலைக்குள் குறுக்கே நடக்கிறோம். எனக்கு ஒரே குஷி. நான் பிறந்தது இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச வருஷம்தான் ஆகிறது.

"அட்டையெல்லாம் எங்களுக்குத் தூசுங்க. மணவறையிலயே கால்ல அட்டையோடதான் உக்காந்திருந்தேன்" என்று கூட வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறேன்.

கொஞ்ச தூரம்தான். கணுக்காலில் சில்லென்று ஒட்டுகிறது.

"ஐயோ, அட்டை!" என்று மலையே கேட்கக் கத்திவிடுகிறேன்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். தேய்த்தால் அட்டை விழுந்துவிடுமென்று ஒருத்தி சவர்க்காரச் சோப்புக் கட்டியோடு ஓடி வருகிறாள்.

"எந்த ஊரு பெரியம்மா?"

"இதே தோட்டந்தான் புள்ள."

"அடடா! மழையில்லாம இது மாசக்கணக்கா மண்ணுக்குள்ள பட்டினியா கெடந்துச்சு. நேத்து ஒரு தூத்தல் விழுந்ததும் ஆளத் தேடி வந்துருச்சு. அது மறக்கல, நீங்க மறந்துட்டீங்களே!"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சவர்க்காரத்தைத் தள்ளிவிடுகிறேன்.

"விடு புள்ள, குடிச்சிட்டே போகட்டும்."

சொல்லிவிட்டேன். கால் நடுங்குவது தெரியாமல் சேலையை இறக்கி விட்டுக்கொள்கிறேன்.