கடைசி இரண்டு வாரம்

திண்டிவனத்தில் புலவர் அரங்கநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. விழுப்புரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவிழாப் பட்டிமன்றம் எதுவானாலும் அவர்தான் நடுவர். அவர் மனைவி அம்சாவை யாருக்கும் தெரியாது. இந்தக் கதை அம்சாவுடையது.

கண்டாச்சிபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்சாவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வார இதழில் தொடர்கதை எழுதும் ஓர் அம்மாளின் கதைகள். பஸ்சில் பார்த்தால் பாதிப் பெண்கள் மடியில் அந்த அம்மாள்தான் இருப்பாள். அம்சா அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய கல்யாணப் பத்திரிகையை அட்டையாக ஒட்டி டிரங்குப் பெட்டியில் வைப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு படிச்சிப் பாருங்களேன்" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"ஆவட்டும், பாக்கலாம்."

பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் ஆனது. அவருடைய 'பாக்கலாம்' மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டதென்று, தைக்காமல் வைத்திருந்த பக்கங்களை ஒரு கை அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டுக் குளித்தார் மனுஷன். அம்சா அழுதாள். "காயிதத்துக்கா அழுவுற? அந்தக் கண்ணீர்க்காரி இன்னும் எழுதுவாடி" என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார்.

அவள் ஆசை பெரிதல்ல. படித்ததைப் பற்றிப் பேச வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் பஸ் படியில் வழுக்கி விழுந்து அரங்கநாதனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கட்டிலோடு கிடந்தார். போனைப் பார்த்தால் தலை சுற்றியது. வேறு வழியில்லாமல், "எடு, உன் கண்ணீர்க்காரிய" என்றார். அம்சா தனக்கு உயிரான கதையைக் கொடுத்தாள். அது புத்தகமாக வராத கதை. அவள் தைத்து வைத்திருந்த கட்டு மட்டும்தான் உண்டு.

காப்பி ஆறிப்போனது தெரியாமல் படித்தார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஏய் அம்சா, அந்தப் பொண்ணு புருசன் ஊட்டுக்குத் திரும்பிப் போவாளா, மாட்டாளா?"

அம்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்ல மாட்டேன், படிங்க" என்று சிரித்தாள். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கேப்பை அடை சுட்டாள்.

மறுநாள், அவரோடு பள்ளியில் வேலை பார்த்த சீனுவாசன் நலம் விசாரிக்க வந்தார். அரங்கநாதன் தலையணையில் சாய்ந்துகொண்டு பட்டிமன்றத்தையே தொடங்கிவிட்டார். "இந்தம்மாவ எல்லாரும் தப்பா எட போட்டுட்டோம்பா. நான் படிச்சப்புறம்தான் அருமை தெரியுது."

காப்பியோடு வந்த அம்சா ஆசையாக வாயைத் திறந்தாள். "அந்தக் கெணத்தடியில அவ நின்னுக்கினு..."

"நீ போயி முறுக்கு எடுத்துக்கினு வா" என்றார் அரங்கநாதன். "இவளுக்கு இன்னாப்பா தெரியும்? யாரு அழுதா, யாரு செத்தான்னு பாப்பா. எழுத்து எங்க புரியப் போவுது?"

சீனுவாசன் சிரித்தார். மரியாதைக்காகச் சிரித்திருக்கலாம். அம்சா முறுக்கை வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவர் அயர்ந்ததும் தலைமாட்டிலிருந்து அந்தக் கதைக் கட்டை எடுத்தாள். அரிவாள்மணையில் நூலை அறுத்து, கடைசி இரண்டு வாரத்துப் பக்கங்களை உருவினாள். இனி அந்த முடிவைத் தானும் படிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். இந்த முறை அழவில்லை.

சாயங்காலம் அவர் கத்தினார். "அம்சா! கடைசிப் பக்கமெல்லாம் எங்க?"

"நீங்கதான அன்னிக்கு அடுப்புல போட்டீங்க? மறந்துட்டீங்களா?"

அவர் நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார், செய்யாத ஆளா?

"சரி, நீயாவது முடிவ சொல்லேன். அந்தப் பொண்ணு திரும்பிப் போனாளா?" குரல் கெஞ்சியது. அந்த வீட்டில் அவர் கெஞ்சி அம்சா கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போய்த் திரும்பினாள்.

"ஆவட்டுங்க, பாக்கலாம்."