மணி அடிச்சாச்சு

தொட்ட விரலில் துருவாடை ஏறியதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புது ரயில்பாதை தள்ளிப் போனதால் மூடிக்கிடக்கும், இடிக்கக் கூடாத பாரம்பரியக் கட்டடம் என்று பலகை மாட்டிய எங்கள் ஊர் ஸ்டேஷனில், மணியாகத் தொங்கிய அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் அப்படியே இருந்தது!

முந்தைய ஸ்டேஷனை வண்டி விட்டதும் போர்ட்டர் அதை அடிப்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாப்பா சவூதியிலிருந்து வரும் நாளில், அந்த ஓசை கேட்டதுமே உம்மா அடுப்பை அணைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு வரப்பில் ஓட, நாற்று மணமும் கரிப்புகையும் மூக்கில் ஏற, வண்டி நிற்பதற்கு முன்பே, ஜன்னல்களில் நீண்ட கைகளில் முதல் கையைக் காட்டி, "ஏளா, அங்கன பாரு, ஒங்க வாப்பா!" என்று கூவிக் கையாட்டுவாள். யாரோ ஒரு வாழைக்காய் வியாபாரி அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டுவார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

கல்லை எடுத்து ஓங்கி அடித்தேன். டணார்!

திரும்பினால், முட்டுவலி, காரைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றிருந்த உம்மா, முக்காட்டை இழுத்துவிட்டபடி பிளாட்பாரத்தில் நின்றாள்.

"மணி அடிச்சாச்சுல்லா, பைய நடந்தா வண்டி நிக்குமாளா?" என்றாள் மூச்சிரைக்க.

அப்போது கார் ஜன்னலிலிருந்து, நரைத்த முடியடர்ந்த ஒரு கை வெளியே நீண்டு ஆடியது. உம்மா முதல்முறையாகச் சரியான கைக்குக் கையாட்டினாள்.