எந்த ஊர் என்று கேட்டார்கள்

சகோதரிகளே, ரஜப் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் கணவர் நியாஸ் கடலுக்குப் போனார். திரும்பி வந்தது செய்திதான். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் படகில் மீன்பெட்டிகளுக்கு அடியில் போதைப்பொருள் இருந்ததாம், கடற்படை பிடித்துவிட்டது. கரையில் நின்ற சம்மாட்டி தலைமறைவாகிவிட்டார். கூலிக்குப் போன இவர் அகப்பட்டுக்கொண்டார். அடுப்பை அணைக்கவும் மறந்து நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

பொலிஸில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "எருக்கலம்பிட்டி" என்றிருக்கிறார். நம்மில் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வோம்! தொண்ணூறில் புலிகள் வெளியேற்றியபோது மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். புத்தளத்து மாம்புரியில் வீடு கட்டி, பிள்ளை பெற்று, இறந்தவர்களின் மையித்தையும் அடக்கிவிட்டோம். ஆனாலும் ஊர் என்றால் மன்னார்தான். பொலிஸ் அங்கே விசாரித்தது. அப்படி ஒருவர் இங்கே குடியிருக்கவில்லை என்று அங்குள்ள கிராம சேவகர் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் பிழையில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. என் மாமி, அதாவது இவருடைய உம்மா, அந்த ஓட்டத்தில் இராமேஸ்வரம் போனவர். இவர் பிறந்தது அங்கே அகதி முகாமில். சின்ன வயதில் திரும்பி வந்தும் குடியுரிமைப் பதிவு நடக்கவில்லை. அலைந்து அலுத்து விட்டுவிட்டோம். அதனால் அடையாள அட்டையும் இல்லை. முகவரி பொய், ஆள் இந்தியாவிலிருந்து வந்தவராக இருக்கலாம், வெளியே விட்டால் படகேறிவிடுவார் என்றது அரச தரப்பு. பிணை மறுக்கப்பட்டது. நான் நீதிபதியாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

அப்போதுதான் ஒரு தரகர் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, புத்தளத்தில பிறந்ததெண்டு ஒரு சேட்டிபிக்கட் எடுத்துத் தாறன். மாமியும் கோட்டில அப்பிடியே சொல்லட்டும். கதை முடிஞ்சுது."

எனக்கு ஆசை வந்தது. உண்மையான பிறந்த இடத்தைச் சொன்னால், பிணை கிடைத்தாலும் வெளிநாட்டவர் என்று குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைத்துவிடலாம் என்று எங்கள் சட்டத்தரணியே எச்சரித்திருந்தார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை விட்டு எழும்பவில்லை. அதுவரை "அவரை வெளியே விடு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், கடையில் சாமான் கேட்பது போல. அன்று, "யா அல்லாஹ், உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தைரியத்தைத் தா, மற்றதை நீ பார்த்துக்கொள்" என்று அழுதேன். எழுந்து போய், பொய்ப் பத்திரம் வேண்டாம் என்று மாமியிடம் சொன்னேன்.

"நான் பெத்த இடத்த நான் ஏன் மறைக்கிற?" என்றார் மாமி. தரகரை அனுப்பிவிட்டோம்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மறுபடி மேல் நீதிமன்றம் போனோம். நீதிபதி சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் மாமியிடம் தமிழில் சொன்னார்.

"எந்த ஊர்?"

"எருக்கலம்பிட்டி, ஐயா."

எனக்கு உயிரே போய்விட்டது.

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"மாம்புரியில. என்ட மகனும் அங்கதான், சின்ன வயசில இருந்து."

பிணை நிற்க வந்த இருவரையும் நீதிபதி அதையே கேட்டார். மாம்புரியில் காணியும் வீடும் உள்ளவர்கள். இருவரும் "எருக்கலம்பிட்டி" என்றார்கள். அதில் ஒருவர் பிறந்ததே புத்தளத்தில்! நீதிபதி பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இந்த மனிதர் முகவரியில் பொய் சொல்லவில்லை" என்றார். இராமேஸ்வரத்துக் கதையையும் மாமி ஒளிக்காமல் சொன்னார். பிணை கிடைத்தது.

சிறைச்சாலை வாசலில், இவர் உடுத்தப் புதுச் சாரத்தோடு நின்றேன். இவர் வெளியே வந்தார். குடிவரவு அதிகாரிகள் அப்படியே இன்னொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று எனக்கு அல்லாஹ்வோடு கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் அவனிடமேதான் சொன்னேன். வேறு யாரிடம் போவது?

ஆனால் மாமி சொன்னது நீதிமன்றப் பதிவில் இருந்தது. இலங்கைத் தாயின் பிள்ளை என்று அதை வைத்துக் காட்டி, நின்றுபோன குடியுரிமைப் பதிவைச் சட்டத்தரணி மறுபடி தொடங்கினார். பொய்ப் பத்திரம் கொடுத்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும் என்றார். அடுத்த ரஜப் வந்தபோது பதிவு கிடைத்தது. இவர் வீட்டுக்கு வந்தார். புதுச் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. ஆனால் முன்பு போல நான் நடுங்குவதில்லை. ஞாயிறுதோறும் இவர் பொலிஸில் கையெழுத்து வைக்கிறார். போன வாரம் புதிதாக வந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்று பதறினேன்.

"மாம்புரி எண்டன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சகோதரிகளே, பயத்தில் பொய்யின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் காட்டும் வழி சுற்றுவழியாக இருக்கலாம், ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். பொலிஸ் கேட்டது, நீதிமன்றம் கேட்டது, குடிவரவு கேட்டது. அந்த அஸரில் நான் கையேந்தியபோது, அல்லாஹ் மட்டும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.