கட்டுக்காரரின் முன்பற்கள்

தபால் பிரிக்கும் கூடத்தில் அவருக்குக் கட்டுக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகத் தெருவாரியாகக் கடிதங்களைப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதுதான் வேலை. கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எந்த ரப்பர் தாங்கும், எது அறுந்து மூஞ்சியில் அடிக்கும் என்று சொல்லிவிடுவார். விலகி நிற்கிற எதையும் ரப்பர் பேண்டு சேர்த்துவிடும் என்பது அவர் கட்சி. வீட்டில் அலமாரிக் கதவு, கடிகாரத்தின் முதுகு, மனைவியின் மூக்குக்கண்ணாடி எல்லாமே அந்தக் கட்சியில்தான் இருந்தன.

அவருடைய மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. நாற்பத்தாறு வயது வரைக்கும் அது அவரை ஒன்றும் செய்யவில்லை, அவரும் அதை ஒன்றும் செய்யவில்லை. அதே சந்து மகளுக்கும் வந்திருந்தது. பதிமூன்று வயதில் அவள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூட ஆரம்பித்தாள்.

"அப்பா, இது உங்ககிட்டேருந்துதானே எனக்கு வந்துச்சு?" என்று ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

சும்மா கேட்டதுதான். மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பல் டாக்டரிடம் காட்டலாமே என்றாள் மனைவி. நம்ம ஆளா போவார்? கைவசம் சாமான் இருக்கும்போது இன்னொருத்தர் வாசலில் போய் நிற்பது அவர் பழக்கத்திலேயே கிடையாது. ஆனாலும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. மகள் வாயில் மாட்டுவதை முதலில் தன் வாயில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். இருப்பதிலேயே சின்ன ரப்பர் பேண்டாகப் பொறுக்கி, வெந்நீரில் கழுவி, தன் முன்பற்கள் இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சந்து அடைந்துவிட்டது. சத்தியமாக! கடித உறையின் ஓரம்கூட உள்ளே நுழையவில்லை. ரப்பரையும் காணோம்.

"முழுங்கிட்டேன் போல. வேலை முடிஞ்சதும் அதுவே கிளம்பிடுச்சு பாரு," என்றார் மனைவியிடம்.

"பெருமை வேற," என்றாள் அவள்.

மறுநாளே மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தன் கையாலேயே ஒன்றை மாட்டிவிட்டார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கடித உறையை மடித்து வைத்துச் சந்தை அளப்பார். "கொறையுது, நல்லாவே கொறையுது" என்பார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

பத்தாம் நாள் ரொட்டியைக் கடித்தபோது அவருடைய முன்பற்கள் இரண்டும் ஆடின. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்தது. வேறு வழியில்லாமல் பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். டாக்டரம்மா கொக்கியை விட்டு ஈறுக்குள்ளிருந்து எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். ரப்பர் பேண்டு.

நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பல்லு வேர்ப் பக்கம் போகப் போக ஒடுங்கும். ரப்பர் ஒரு இடத்துல நிக்காது, வழுக்கி வழுக்கி ஈறுக்குள்ள ஏறிடும். நீங்க முழுங்கல சார், அது இங்கயேதான் இருந்திருக்கு. வேரைச் சுத்தி எலும்பெல்லாம் கரைஞ்சு போச்சு. இந்த ரெண்டு பல்லும் இனி நிக்காது. வேற யாருக்காவது இப்படி மாட்டினீங்களா?"

கட்டுக்காரர் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். காவலாளி போய் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவந்தார்.

"வாயைத் தொற."

"இங்கயாப்பா?"

"தொறடி!"

ரப்பர் இல்லை. "ஐயோ, ஏறிடுச்சு!" என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். என் குழந்தைக்கு நானே வினை வைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினாள். "இந்தா இருக்குப்பா. மொத நாளே வலிச்சுது, கழட்டிட்டேன். நீங்க அளக்க வர்றப்ப மட்டும் மாட்டிப்பேன்."

"அப்போ... கொறைஞ்சுதே?"

"அது நீங்களா சொல்லிக்கிட்டது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எவ்வளவு சந்தோஷமா அளந்தீங்க. எப்படிப்பா சொல்றது?"

காவலாளி பார்க்கப் பார்க்கக் கட்டுக்காரர் அழுதார். வெட்கம் எதுவும் வரவில்லை.

பற்களைப் பிடுங்கி, புண் ஆறியபின் பொய்ப்பல்லுக்கு அளவு கொடுக்க மகளோடு போனார். டாக்டரம்மா அவள் வாயையும் பார்த்தார்.

"தாடை கொஞ்சம் அகலம், பல்லு கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். வேணும்னா கம்பி போட்டு ஒரு வருஷத்துல சேர்த்துடலாம். வேணாம்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் மகள், கையால் வாயை மூடிக்கொண்டு.

டாக்டரம்மா கட்டுக்காரரிடம் திரும்பினார். "உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல சார். சந்தே இல்லாம அழகா வெச்சுடலாம்."

அவர் மகளைப் பார்த்தார். "முன்ன இருந்தபடியே சந்து விட்டே வைங்கம்மா."

"எதுக்கு?"

"அவ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் தனியா இருக்க வேணாம்."

டாக்டரம்மாவுக்கு ஒரே சங்கடம். பல் செய்கிற இடத்தில், அளவு தப்பிவிட்டது என்று நினைத்து அவர்களே சேர்த்து வைத்துவிடுவார்களாம். கட்டுக்காரர் அங்கே அனுப்புகிற அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கினார். விலாசம் எழுதுகிற கொட்டை எழுத்தில் தானே எழுதினார்: "நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சந்து. தவறு அல்ல."